சேமிப்பு அடுக்கு

வந்திருந்தவர்கள்:

முனைவர் பக்தவத்சலம், இயக்குநர் – தலைமை.

திருமதி துர்காதேவி, நிர்வாக அலுவலர்.

முனைவர் ஜெயப்பிரியா, இளநிலை விஞ்ஞானி – விளக்கம் அளிக்க மட்டும்.

திரு. பெஞ்சமின், பாதுகாப்பு அலுவலர்.

துறைத் தலைவர்கள் அனைவரும் – இவர்களில் சிலர் விருந்தினர்களை மாமல்லபுரம் சுற்றிக்காட்டப் போயிருந்ததால், வந்ததாகக் கருதப்பட்டது.

தீனதயாளன், அலுவலக உதவியாளர் – தேநீர் கொண்டுவந்தவர். கதவருகே நின்றதால் சேர்க்கப்பட்டார்.

ராஜாராம், ஒப்பந்தத் தொழிலாளி – ஏ.சி.யைப் பழுதுபார்க்க ஏணிமேல் நின்றவர். கூட்டம் முடியும்வரை இறங்க அனுமதி இல்லை.

கடைசி இருவரும் மாமன் மைத்துனன். ராஜாராமின் அக்கா வேண்டாவைத்தான் தீனதயாளன் கட்டியிருந்தான். இருவருக்கும் பேச்சு நின்று பல வருடம் ஆகிறது. கடலோர மீக்கடத்தி ஆய்வு மையம் நெம்மேலிக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே, ராஜாராம் குடும்பத்து நிலத்தின்மேல் நிற்கிறது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்றார்கள். அப்போது ராஜாராம் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவன் அப்பா மருமகன் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். ராஜாராம் வளர்ந்து, அதே மையத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்து, "எங்க நிலத்துல மொளைச்ச வேலய எவனோ துன்னுகினு கீறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரே சுவரின் இரண்டு பக்கம் வீடு. சாப்பாடு அக்காவிடம். தீனதயாளன் எழுந்து கை கழுவப் போனபிறகுதான் ராஜாராம் வந்து உட்காருவான்.

மையத்தின் வேலை மீக்கடத்திகள். மின்சாரத்தைக் கொஞ்சமும் இழக்காமல் கடத்தும் பொருள்கள். இங்கே ஆராயப்படுபவை உயர்வெப்பநிலை மீக்கடத்திகள். உயர்வெப்பநிலை என்றால் பூஜ்யத்துக்குக் கீழே நூற்றெண்பது டிகிரி. அதை உயர்வு என்று சொல்லக் கூச்சப்படாதவர்களுக்குத்தான் மையத்தில் பதவி உயர்வு கிடைக்கும்.

அன்றைய கூட்டத்துக்குக் காரணம் டெல்லியிலிருந்து வந்த ஒரு கேள்வி. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குபவை. அப்படியிருக்க இந்தப் பொருள்களில் அவை ஜோடி சேர்ந்து ஓடுகின்றன. இதில் அந்த விலக்கத்தின் பங்கு என்ன? காலாண்டு முடிவதற்குள் ஒரு வரியில் பதில் தேவை. முடிந்தால் செயல்விளக்கத்துடன். உலகம் முழுவதும் ஏறத்தாழ நாற்பது வருடமாக அடித்துக்கொள்ளும் கேள்வி என்பது கேட்டவருக்குத் தெரியாது. பக்தவத்சலத்துக்குத் தெரியும். ஆனாலும் காலாண்டு காலாண்டுதான்.

ஜெயப்பிரியா எழுந்தாள். அவளுக்குப் பேச ஐந்து நிமிடம்.

"ஒரு ஹாலை நினைச்சுக்கங்க சார். எத்தனை நாற்காலியோ அத்தனை பேர். ஒரு நாற்காலியில ரெண்டு பேர் உட்காரவே மாட்டாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் அவ்வளவு ஆகாது. அதனால யாரும் நகர முடியாது. மின்சாரம் பாயாது."

"எல்லா நாற்காலியும் நிரம்பியிருக்கு," என்றார் இயக்குநர் மெதுவாக.

"ஆமா சார். இப்ப கொஞ்சம் பேரை எடுத்துடறோம். ஒரு இடம் காலியானதும் பக்கத்துல இருக்கறவர் அங்க நகர்வார். அவர் இடத்துக்கு இன்னொருத்தர். ஓட்டம் ஆரம்பிச்சுடும். குளிரும் போதுமானதா இருந்தா ஜோடி ஜோடியா, தடையே இல்லாம ஓடுவாங்க."

"எடுத்தவங்களுக்குப் போஸ்டிங் எங்க?" துர்காதேவி கேட்டாள். அவளுக்கு எப்போதும் அதுதான் கவலை.

"பக்கத்து அடுக்குக்குப் போயிடுவாங்க மேடம். சேமிப்பு அடுக்குன்னு பேர். அங்க எந்த ஓட்டமும் கிடையாது. ஆனா அது இல்லைன்னா இங்க எதுவும் நடக்காது."

ஏணிமேல் ராஜாராம் ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டு நின்றான்.

"நம்ம மையத்தைப் பத்தி இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லை," என்றார் பக்தவத்சலம்.

"சார், நான் எலக்ட்ரானைச் சொன்னேன்."

"அடக்கம் வேண்டாம்மா."

தவறு நடந்தது இந்த இடத்தில்தான். வேறு எவராக இருந்தாலும் நாற்காலி ஓர் உதாரணம் என்று புரிந்துகொண்டிருப்பார்கள். முப்பது வருடம் அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்ட பணியிடம், காலிப் பணியிடம் என்று வாழ்ந்தவருக்கு நாற்காலி உதாரணமாக இருக்க முடியாது. எலக்ட்ரான்தான் உதாரணம்.

*

செயல்விளக்கத்தின் ஒத்திகை கைப்பந்து மைதானத்தில் நடந்தது. சுண்ணாம்பால் கட்டங்கள் போட்டிருந்தார்கள். கட்டத்துக்கு ஒரு ஊழியர். மதிய வெயிலில் கடற்கரை மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. அடுத்தடுத்த எலக்ட்ரான்கள் எதிரெதிர்த் திசையைப் பார்த்திருக்கும் என்று ஜெயப்பிரியா ஒரு தடவை சொல்லியிருந்ததால், ஒருவர் கடலைப் பார்த்தும் அடுத்தவர் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்தும் நிற்க வேண்டும். சாலையைப் பார்க்கச் சொன்ன கட்டத்தில் தீனதயாளன். அதற்கு முன்கட்டத்தில், கடலைப் பார்த்து, ராஜாராம். அதாவது இருவரும் முகத்துக்கு முகம்.

பக்கத்துக் கட்டத்தில் கேன்டீன் ஞானம்பாள் நின்றாள்.

"ஞானம்பாக்கா," என்றான் ராஜாராம், "அந்தாளாண்ட சொல்லு. மூச்சு எம்மேல அடிக்குது. காலைல இன்னா நாஸ்தா துன்னாருன்னே தெரியுது."

"ஞானம்பா, அவனாண்ட சொல்லு. அவன் துன்னதும் அதே இட்லிதான்."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இன்னா போஸ்ட்டுமேனா?" என்றாள் ஞானம்பாள். "சும்மா நில்லுங்கய்யா. ஏற்கெனவே தல சுத்திகினு கீது."

துர்காதேவி விசில் ஊதினாள். "எல்லாரும் நகருங்க."

யாரும் நகரவில்லை. எல்லாக் கட்டத்திலும் ஆள். வியர்வை கழுத்து வழியே இறங்கியது. மறுபடி விசில். கணக்குப் பிரிவில் ஒருவர் மயங்கி விழுந்தார். விழுந்தவர் அவருடைய கட்டத்துக்குள்ளேயே விழுந்ததால் எதுவும் மாறவில்லை.

"பார்த்தீங்களா?" பக்தவத்சலம் குடைக்குக் கீழிருந்து சொன்னார். "நெருக்கம் இருக்கு, ஆள் இருக்கு, சம்பளம் இருக்கு. ஓட்டம் இல்லை. பெஞ்சமின், ஒருத்தரை எடுங்க."

பெஞ்சமினுக்கு யாரை என்று சொல்லவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் ராஜாராம் நின்றான். தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். தீனதயாளன் அந்தக் காலிக் கட்டத்துக்குள் கால் வைத்தான். அவன் இடத்துக்கு ஞானம்பாள். அவள் இடத்துக்கு இன்னொருவர். மைதானம் முழுவதும் அசைந்தது. இயக்குநர் கைதட்டினார். மைத்துனன் நின்ற இடத்தில் நிற்பது தீனதயாளனுக்கு இதமாக இருந்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை.

"இந்தாள எங்க நிக்க வைக்க?" பெஞ்சமின் கேட்டார்.

சவுக்குத் தோப்புக்குப் பின்னால், கடலை ஒட்டி, பழைய கம்ப்ரஸர் கொட்டகை ஒன்று இருந்தது. இரும்புக் கதவு. ஜன்னல்களைத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். "அங்க உட்கார வைங்க," என்றார் இயக்குநர். "இங்க நின்னா மறுபடி உள்ள வந்துடுவார். அமைப்பு கெட்டுடும்."

ராஜாராம் சிரித்துக்கொண்டேதான் போனான். நிழல் கிடைத்ததே என்று.

*

அன்று மாலை வேண்டா மூடிவைத்த தட்டு மூடினபடியே இருந்தது.

"ராஜாராமு வர்ல. நீ பாத்தியா?"

"ஆபீஸ்லதான் கீறான்."

"இம்மா நேரத்துக்கு இன்னாத்துக்கு?"

"எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்கன்னா? வேலைலேர்ந்தா?"

"வேலைலதான் கீறான். எடத்துலேர்ந்துதான் எடுத்துட்டாங்க."

வேண்டா அவனைப் பார்த்தாள். மூன்று பெண்ணுக்குப் பிறகு நான்காவதாகப் பிறந்ததால் வைத்த பெயர் அவளுக்கு. அதற்குப் பிறகு பிறந்தவன் ராஜாராம். அவனைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். "யோவ், நீ இன்னா சொல்றன்னு உனக்காச்சும் பிரியுதா? காலைல போயி அவன கூட்டினு வா."

காலையில் போனான். கொட்டகைக் கதவுக்கு முன் பெஞ்சமின் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மச்சான கூட்டிப் போலாம்னு வந்தேன் சார்."

"ஒத்திகை இன்னும் முடியல தீனா."

"எப்ப முடியும்?"

"முடிஞ்சா சொல்லுவாங்க."

"ஒரு வார்த்த பேசிக்கிறேன்."

"உங்க ரெண்டு பேருக்கும்தான் பேச்சே கிடையாதே," என்றார் பெஞ்சமின். உண்மையான ஆச்சரியத்தோடுதான் கேட்டார். தீனதயாளன் வந்த வழியே திரும்பினான்.

அன்று அலுவலகத்தில் ஓர் அதிசயம் நடந்தது. போன மழைக்காலத்திலிருந்து கிடந்த ஒரு கோப்பு ஒரே முற்பகலில் எல்லா மேசைகளையும் கடந்துபோனது. யாரும் அதைப் படிக்கவில்லை. மேசையில் கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கண்ணில் படுவோம், கண்ணில் பட்டால் எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தோன்றியிருந்தது. கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்கள். அது எதைப் பற்றிய கோப்பு என்பது இன்றுவரை தெரியவில்லை. இயக்குநர் நிகழ்வைப் பார்வையிட்டு, தடை பூஜ்யம் என்று அறிவித்தார். மையம் தொடங்கிய நாளிலிருந்து கிடைத்த முதல் முடிவு அது.

முடிவு கிடைத்தபிறகு ஒத்திகையைக் கலைக்க யாருக்கு மனசு வரும்?

ஜெயப்பிரியாவின் வரைபடத்தில் ஒரு வளைவு இருந்தது. எடுக்க எடுக்க ஓட்டம் கூடும். ஆறில் ஒரு பங்கை எடுக்கும்போது உச்சம். அதற்குமேல் எடுத்தால் குறையும். துர்காதேவி ஊழியர் எண்ணிக்கையை ஆறால் வகுத்தாள். மீதி வந்தது. மீதியை மேல்நோக்கி முழுமையாக்கினாள்.

அடுத்து வந்த வாரங்களில் ஆட்கள் போனார்கள். மைதானம், விசில் எதுவும் தேவைப்படவில்லை. பெஞ்சமின் மேசைக்கு வந்து நிற்பார். நின்றால் எழுந்துவிடுவார்கள். ஞானம்பாள் தோசை திருப்பும்போது போனாள். கல்லில் கிடந்த தோசை கரிந்து, புகை வந்தபிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. செங்கல்பட்டிலிருந்து வரும் அலுவலகப் பேருந்தில் இருக்கைகள் காலியாகத் தொடங்கின. முதலில் யாரும் அவற்றில் உட்காரவில்லை. பிறகு உட்கார்ந்தார்கள். பிறகு ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை வந்தது.

எடுக்கப்பட்டவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போனது. வருகை தினமும் பதிவானது. அதனால் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு வயதான தந்தையிடம் காவல் நிலையத்தில் கேட்டார்கள்: "பையன் வேலைக்குப் போறான், சம்பளம் வருது. உங்க புகார்தான் என்ன?" பையன் வீட்டுக்கு வரவில்லை என்றார். இந்தக் காலத்தில் எந்தப் பையன் வருகிறான் என்றார்கள்.

குளிரும் வேண்டும் என்று நினைவு வந்தபோது கொட்டகைக்கு நான்கு ஏ.சி. பொருத்தினார்கள். வாராவாரம் ஒரு டிகிரி குறைப்பது என்று முடிவு. தோப்புக்குள் மதியச் சாப்பாட்டு அடுக்குகளைச் சுமந்துகொண்டு போவது தீனதயாளனின் வேலையானது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து பெஞ்சமின் அவற்றை உள்ளே தள்ளுவார். மாலையில் வெளியே வரும். முதலில் காலியாக வந்தன. பிறகு பாதி. பிறகு, கொண்டுபோன கனத்தோடு வந்தன. மூடியைத் திறந்து பார்த்தால் சோற்றின் மேல் ஆவி உறைந்து முத்து முத்தாக நின்றது.

வீட்டில் வேண்டா தினமும் அதே கேள்வியைக் கேட்டாள். ஒருநாள் வேறு மாதிரிக் கேட்டாள்.

"உனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா கீதா?"

"இன்னா பேச்சு இது?"

"இல்ல, கேட்டேன். அவன் போனதுலேர்ந்து நீ நிம்மதியா துன்ற. மூணு தோச, நாலு தோச."

தீனதயாளன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவள் சொன்னது சரி என்பதால்தான் கோபம் வந்தது. "நாளிக்குப் போயி பெரியவரையே பாக்குறேன். போதுமா?"

"பெரியவராண்ட போனீன்னா, அவன் வராம நீ வராத."

*

நாளைக்கு என்றவனால் இயக்குநரைப் பார்க்க முடிந்தது இரண்டு வாரம் கழித்துத்தான். நடுவில், அந்தக் கேள்வியை அனுப்பிய டெல்லி ஆலோசகர் வந்தார். மாமல்லபுரத்தில் அவருக்குக் கல்லில் செதுக்கிய யானை ஒன்று வாங்கிக் கொடுத்து, கடற்கரைக் கோயிலைக் காட்டி, மீதியிருந்த இருபது நிமிடத்துக்கு மையத்துக்குக் கூட்டிவந்தார்கள். தேநீர்த் தட்டுடன் தீனதயாளன் கதவருகே நின்றான்.

பக்தவத்சலம் வளைவைத் திரையில் காட்டினார். "ஐயா, மற்ற நாடுகளில் இதைத் தாமிர ஆக்சைடில் செய்கிறார்கள். நாங்கள் பணியாளர்களில் செய்திருக்கிறோம். மூலப்பொருள் செலவு இல்லை. விலக்கம்தான் அடிப்படை. இந்த மையத்தில் ஒருவரை ஒருவர் சகிக்காதவர்கள் போதுமான அளவில் இருக்கிறார்கள். அதை இத்தனை வருடம் ஒரு குறையாக நினைத்துக்கொண்டிருந்தோம்."

"எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?" ஆலோசகர் கேட்டார். நல்ல கேள்விதான். கல்யானையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உச்சத்தைத் தாண்டியதும் குறையும் ஐயா. குறைந்தால் தாண்டிவிட்டோம் என்று தெரிந்துவிடும்."

ஆலோசகர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

ஜெயப்பிரியா எழுந்தாள். அவள் பெயர் நிகழ்ச்சி நிரலில் இல்லை. "சார், இது தப்பு. நான் சொன்னது ஒரு மாதிரி மட்டும்தான். ஆளுங்க எலக்ட்ரான் கிடையாது. அந்தக் கொட்டகையில ஆளுங்க இருக்காங்க சார். ஆளுங்க."

பக்தவத்சலம் அவளைப் பரிவோடு பார்த்தார். "எங்கள் இளம் விஞ்ஞானி. இந்தத் திட்டமே அவருடைய சிந்தனை. தன்னைப் பின்னால் வைத்துக்கொள்ளும் சுபாவம்."

ஆலோசகர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். தட்டு கையில் இருந்ததால் தீனதயாளன் தட்டவில்லை. ஆலோசகரின் கார் வாசலைத் தாண்டியதும் பெஞ்சமின் ஜெயப்பிரியாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

*

மறுநாள் காலை வேண்டா தீனதயாளனின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இறங்கு என்றான். இறங்கவில்லை. மையத்தின் கேட் வரை வந்தாள்.

"இங்கயே நிக்கிறேன். அவன கூட்டினு வா."

"வெயில் ஏறும்."

"ஏறட்டும்."

தீனதயாளன் துர்காதேவி முன் போய் நின்றான்.

"திரும்ப எடுக்கறதுக்கு விதி இல்ல தீனதயாளன்," என்றாள் அவள்.

"உள்ள போட்டதுக்கு விதி கீதுங்களா மேடம்?"

"போடறதுக்கும் இல்லதான். ஆனா போட்டாச்சு. போட்டது நடைமுறை. எடுத்தா அது மீறல்." பேனாவைத் திறந்தாள். "ராஜாராம் உங்களுக்கு என்ன உறவு?"

"மச்சாங்க. வூட்டம்மாவோட தம்பி."

அவள் பேனாவை மூடினாள். "முதல்லயே சொல்லியிருக்கலாமே. டைரக்டர் இப்படி ஒரு கேஸைத்தான் தேடிட்டிருக்கார்."

பக்தவத்சலம் அவனை உட்காரச் சொன்னார். அந்த அறையில் தீனதயாளன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நுனியில் உட்கார்ந்தான்.

"உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுன்னு கேள்விப்பட்டேன்."

ஆமாம் என்றால் மச்சானை விடமாட்டார்கள் என்று தீனதயாளன் நினைத்தான். "அதெல்லாம் இல்லீங்கய்யா. ஒண்ணா மண்ணாதான் கீறோம்."

இயக்குநரின் முகம் வாடியது. துர்காதேவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஏதோ கைநழுவிப் போகிறது என்று தீனதயாளனுக்குப் புரிந்தது. என்ன என்றுதான் புரியவில்லை.

"பொய் சொல்லிட்டேங்க," என்றான். "ஆவாது. ஒரே வூட்டுல துன்றோம், மூஞ்சி பாக்கறதில்ல. நான் செத்தா அவன் மோளம் அடிப்பான்."

"அற்புதம்," என்றார் பக்தவத்சலம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கேளுங்க. இத்தனை நாள் ஒருத்தர் ஒருத்தரா எடுத்தோம். ஒத்தைத் துளை, அதாவது காலியான இடம், போற வழியெல்லாம் வரிசையைக் கலைக்குது. இவர் திசை மாறிடுது, அவர் திசை மாறிடுது. பின்னாலயே இன்னொரு துளை போனா, கலைஞ்சதெல்லாம் சரியாயிடுது. அதனாலதான் ஜோடி. பிரியத்தால ஜோடி சேருதுன்னு நினைச்சீங்களா? இல்லை. வெறுப்பு அப்படியே இருக்கு. ஒரே கட்டத்துல ரெண்டும் நிக்கவே நிக்காது. பக்கத்துப் பக்கத்துக் கட்டம். அவ்வளவுதான் அதுங்களுக்குள்ள உறவு."

"சரிங்க."

"பிரியத்தை நம்பி ஒரு நிறுவனத்தை நடத்த முடியாது தீனதயாளன். பிரியம் லீவு கேட்கும். கல்யாணம்னு கேட்கும், காது குத்துன்னு கேட்கும். என் சர்வீஸ்ல வெறுப்பு ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. காலைல ஒன்பது மணிக்கு டாண்ணு வந்து நிக்கும்."

"எனக்கு ஒண்ணும் பிரியலீங்கய்யா. என் மச்சான வெளிய வுடுவீங்களா?"

"இன்னைக்கே."

தீனதயாளன் எழுந்து நின்றுவிட்டான். "நான் இன்னா செய்யணுங்க?"

"போய்க் கூப்பிடுங்க. நீங்களே நேர்ல. வேற யார் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறார்."

அது உண்மையா பொய்யா என்று அவன் யோசிக்கவில்லை. கேட்டில் வெயிலில் நிற்கும் வேண்டாவைத்தான் யோசித்தான்.

*

சவுக்குத் தோப்பு வழியாக மூன்று பேராக நடந்தார்கள். முன்னால் பெஞ்சமின், பிறகு தீனதயாளன், பின்னால் ஒரு உறையைக் கையில் பிடித்தபடி துர்காதேவி. மதியம் தாண்டியிருந்தது. தோப்புக்குள் காற்று இரைந்தது. கொட்டகையை நெருங்க நெருங்க அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஏ.சி.களின் உறுமல் தனியாகப் பிரிந்து வந்தது. கதவின் அடியில் மணல் ஈரமாக இருந்தது. பெஞ்சமின் பூட்டைத் திறந்தார். இந்தத் தடவை கதவைக் கொஞ்சமாக அல்ல, முழுவதுமாகத் திறந்தார்.

குளிர் முகத்தில் அறைந்தது. தீனதயாளன் உள்ளே கால் வைத்தான்.

வரிசையாக நாற்காலிகள். ஒருவர் கடல் பக்கம், அடுத்தவர் சாலைப் பக்கம். போர்வை, மஃப்ளர், குரங்குக் குல்லாய். பார்க்க ஒன்றுமில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானம்பாள் திரும்பவில்லை. அவள் முந்தானைக்குள் கைகளைச் சுருட்டி வைத்திருந்த விதத்தில்தான் அடையாளம் தெரிந்தது. யாரும் பேசிக்கொள்ளவில்லை. பேசக் கூடாது என்று விதி எதுவும் போட்டிருக்கவில்லை என்று துர்காதேவி பிற்பாடு சொன்னதுண்டு. கடைசி நாற்காலியில் புதிதாக வந்த ஜெயப்பிரியா இருந்தாள். அவள் மட்டும் இவனைப் பார்த்தாள். வேண்டாம் என்பது போலத் தலையை மெல்ல அசைத்தாள்.

"ராஜாராமு," என்றான் தீனதயாளன்.

முன்வரிசையில் ஓர் உருவம் எழுந்தது. தாடி வளர்ந்து, உதடு வெடித்து, பாதியாக இளைத்திருந்தது. தீனதயாளனைக் கடந்து வாசலுக்குப் போனது. கடக்கும்போது கையில் பட்ட கை, மீன் கடை ஐஸில் பட்டது போலிருந்தது.

தீனதயாளனும் திரும்பினான். வாசலில் பெஞ்சமின் கையை நீட்டித் தடுத்தார். தள்ளவில்லை. கையை மட்டும் வைத்தார்.

துர்காதேவி உறையைப் பிரித்துப் படித்தாள். "ஒப்பந்தத் தொழிலாளி ராஜாராம், நிலம் கொடுத்தோர் ஒதுக்கீட்டில், தீனதயாளன் வகித்த நிரந்தரப் பணியிடத்தில் இன்று முதல் நியமிக்கப்படுகிறார். பணி, சேமிப்பு அடுக்கின் கதவுக் காப்பாளர். தீனதயாளன் உள்பக்கமும் ராஜாராம் வெளிப்பக்கமும் அடுத்தடுத்த நிலையில் ஒரு ஜோடியாகக் கருதப்படுவர்." மடித்தாள். "எண்ணிக்கை மாறல. ஒருத்தர் வெளிய, ஒருத்தர் உள்ள. தணிக்கைக்குப் பிரச்சினை வராது."

பெஞ்சமின் பூட்டையும் சாவியையும் ராஜாராமின் கையில் வைத்தார். ராஜாராம் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் பார்த்தான். சாவி பூட்டில் பட்டுச் சத்தம் எழுந்தது.

"ராஜாராமு," என்றான் தீனதயாளன். அந்தப் பெயரை நேராக அவன் முகத்துக்குச் சொல்லி எத்தனையோ வருடம். "டேய், நான் உன்னிய கூட்டினு போவத்தான் வந்தேன்."

"தெரியும்."

"இவுங்களாண்ட சொல்லு. இது இன்னா நாயம்? உங்கக்கா கேட்டாண்ட நின்னுகினு கீது."

ராஜாராம் துர்காதேவியைப் பார்த்தான். "பர்மனென்ட்டுதானே மேடம்?"

"பர்மனென்ட்தான்."

"எழுத்துல கீதா?"

அவள் உறையைக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். கதவைப் பிடித்தான். பாதி மூடியபின் நிறுத்தினான்.

"மாமா."

அக்காவுக்குக் கல்யாணமான வருடம் அப்படிக் கூப்பிட்டது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

"இன்னாடா."

"வண்டி சாவி குடு. அக்கா கேட்டாண்ட நிக்குதாமே. வூட்ல வுடணும்."

தீனதயாளன் பெஞ்சமினின் கையைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் தோப்பைப் பார்த்தான். ஓட முடியும் என்று ஒரு கணம் தோன்றியது. ஓடினால் யாரோடு கேட்டுக்குப் போவது என்றும் தோன்றியது. அவன் வராமல் நீ வராதே என்றுதான் சொல்லியிருந்தாள். நீ வராமல் அவன் வரக்கூடாது என்று சொல்லவில்லை. பாக்கெட்டில் கைவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

"பெட்ரோல் கம்மியா கீது," என்றான். "திருப்போரூர்ல போட்டுக்கோ. அவ காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல."

"சரி."

கதவு மூடியது. வெளியே தாழ்ப்பாள் இழுபட்டது. பூட்டு விழுந்தது. ராஜாராம் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.